கசியும் கணு

கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில் பூண்டுக்கு யாரும் வாயால் விலை சொல்வதில்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரிப்பார். அதற்குள் அவர் கையும் விளைவித்தவரின் கையும் போகும். விலை ஒரு மணுவு எடைக்கு: முழு விரலைப் பிடித்தால் ரூபாய், விரல் கணுவை அழுத்தினால் அணா. அந்த விலையை மனசில் வாங்கிக்கொண்டு, தரகர் அதே துண்டோடு சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டு வியாபாரியிடம் போவார். அங்கேயும் கைகள்தான் பேசும். வாய், மழையைப் பற்றியோ மூட்டை சுமந்து வந்த மட்டக்குதிரையின் நொண்டலைப் பற்றியோ ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்து மூட்டை என்ன விலைக்குப் போயிற்று என்பது பக்கத்து மூட்டைக்காரருக்கே தெரியாது. அது தெரியாமல் இருப்பதில்தான் தரகருக்குச் சோறு.

சேக் பரீது ராவுத்தர் வெகுகாலமாக அந்தச் சோற்றைத் தின்றவர். பூண்டி கிராமத்திலிருந்து மூட்டை வந்து இறங்கினால் முதலில் அவர் துண்டைத்தான் தேடுவார்கள். அவருக்குக் கூட்டாளி பொன்னுச்சாமி. வயதில் இளையவன், வாயில் மூத்தவன். ராவுத்தர் துண்டுக்குள் பேசுவார். பொன்னுச்சாமி எடை போட்டு, ஆளைச் சிரிக்க வைத்து, மூட்டையை ஏற்றிவிடுவான். வந்த தரகு இருவருக்கும் சரிபாதி. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர்தான் அடுப்புக்கல் தேடுவார்.

இப்படி இருந்த ராவுத்தரின் வலதுகை ஆள்காட்டி விரல் ஒரு கார்த்திகையில் கசியத் தொடங்கியது.

முதலில் அது வெறும் கொப்புளம். விரலின் கடைசிக் கணுவில், நகத்துக்குச் சற்று மேலே, கேழ்வரகு மணி போல் உருண்டையாக, உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி இருந்தது. வலி இல்லை. அதற்கு நேர்கீழே நகத்தில் மட்டும் ஒரு பள்ளம் கோடாக ஓடியது. ராவுத்தர் ஒரு நாள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த கோணி ஊசியாலேயே அதைக் குத்திவிட்டார். முட்டை வெள்ளைக்கரு மாதிரித் தெளிவாக, தொட்டு இழுத்தால் நூலாக நீள்கிற நீர் ஒரு சொட்டு வந்தது. “தீந்துச்சு சனியன்” என்று கைலியில் துடைத்துக்கொண்டார்.

அது தீரவில்லை. மூடியது, வீங்கியது, மறுபடி தானே உடைந்தது. மஞ்சள் வைத்தார்கள், வேப்பெண்ணெய் விட்டார்கள், படிகாரத்தைச் சுட்டுத் தூவினார்கள். குண்டூசித் தலை அளவு துவாரம் அப்படியே நின்றது. மனைவி மரியம் பீவி விளக்கடியில் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, புண்ணுன்னா ஒண்ணு காயணும், இல்ல சீழ் வைக்கணும். இது என்னங்க, மலைச் சுனையாட்டம் ஊறிக்கிட்டே கெடக்கு?”

“ஊறுனா ஊறட்டும். சோறு திங்கத் தடையில்லையே.”

தடை சந்தையில் வந்தது. பழனியிலிருந்து வரும் பூண்டு வியாபாரி நசுருதீன், துண்டுக்குள் விட்ட கையை வெடுக்கென்று வெளியே இழுத்தார். விரல்களைப் பிரித்துப் பார்த்தார். பிசுபிசுவென்று இருந்தது.

“என்ன பாய், துண்டுக்குள்ள நத்தை வளக்குறீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராவுத்தருக்குக் காது சுட்டது. பொன்னுச்சாமிதான் குறுக்கே பாய்ந்தான். “நெய்ச்சோறு தின்னுட்டுக் கை கழுவ மறந்துட்டாருங்க. எங்கண்ணன் வீட்டு நெய் அப்படி. ஒரு நா வந்து தின்னு பாருங்க, நீங்களும் கழுவ மாட்டீங்க!” சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. நசுருதீன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி துண்டுக்குள் விட்டார். அன்றைக்கு ராவுத்தர், கூடப் பிறந்திருந்தால்கூட இவனைப் போல் ஒரு தம்பி கிடைத்திருக்க மாட்டான் என்று நினைத்தார்.

சித்திரையில் சீசனுக்கு வெள்ளைக்காரர்கள் மலையேறி வந்தார்கள். கீழே எங்கோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டாக்டர் ஒருவர், ஏரிப்பக்கத்துப் பங்களாவில் தங்கிக்கொண்டு காலை வேளைகளில் ஏழைபாழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ராவுத்தரை அங்கே இழுத்துக்கொண்டு போனவனும் பொன்னுச்சாமிதான்.

டாக்டர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். “உம்முடைய விரலை நீட்டும். கண்களை மூடிக்கொள்ளும்” என்றார். மூடியதும், ஒரு குண்டூசி நறுக்கென்று விரலில் ஏறியது.

“யா அல்லா!”

ராவுத்தர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் காத்திருந்த வெளியூர்க் கூலிகள் எழுந்துவிட்டார்கள்.

“நல்லது. ஆண்டவனை அழைக்கும் அளவுக்கு உணர்ச்சி இருக்கிறது” என்றார் டாக்டர். விரல் நெடுக, புறங்கையில், முன்கையில் என்று குத்திக்கொண்டே போனார். ஒவ்வொரு குத்துக்கும் ராவுத்தர் துள்ளினார். முழங்கை எலும்புக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார் டாக்டர். பிறகு பொன்னுச்சாமி பக்கம் திரும்பினார். “நீரும் கேளும். ஆறாத புண் என்றால் ஜனங்கள் பெருவியாதி, அதாவது குஷ்டம், என்று பயப்படுவார்கள். இது அது அல்ல. பெருவியாதி உள்ள இடத்தில் ஊசி குத்தினால் தெரியாது. இவருக்கு நன்றாய்த் தெரிகிறது.”

“தெரியுதுங்க, தெரியுதுங்க. எனக்கே காது வலிக்குது” என்றான் பொன்னுச்சாமி.

“அப்ப இது என்னதாங்க?” என்றார் ராவுத்தர்.

டாக்டர் அவர் விரலைப் பிடித்து மெல்ல மடக்கினார். துவாரத்தில் ஒரு சொட்டுத் துளிர்த்தது. நிமிர்த்தினார், நின்றது. மடக்கினார், மறுபடி துளிர்த்தது.

“கண்டீரா? விரல் கணு ஒவ்வொன்றும் ஒரு சிறிய பை. எலும்பும் எலும்பும் உராயாதபடி அதில் வழவழப்பான நீர் இருக்கிறது. உம்முடைய கணுவில் எலும்பு தேய்ந்து, ஓரத்தில் முள் போல் வளர்ந்திருக்கிறது. அந்த முள்ளினால் பை கிழிந்து, நீர் தோலுக்கு அடியில் வந்து கொப்புளமாய் நின்றது. வாசலைத் திறந்துவிட்டது யார்?”

“நான்தானுங்க. கோணி ஊசியால.”

“ஆம். இப்பொழுது பையிலிருந்து தோல் மட்டும் ஒரு வாய்க்கால் உண்டாயிற்று. மடக்கும்போதெல்லாம் நீர் ஏற்றம் இறைக்கிறீர். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிற வாய்க்கால் எப்படித் தூர்ந்துபோகும்?”

“மேல மருந்து போட்டா அடைக்காதுங்களா?”

“வாய்க்கால் முனையில் ஒரு கை மண் போட்டால் கிணறு வற்றுமோ? கேளும். நீர் வெளியே வரும் வழியாகவே அழுக்கு உள்ளேயும் போகும். கணுவுக்குள் சீழ் பிடித்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும்.”

ராவுத்தர் பொன்னுச்சாமியைப் பார்த்தார். அந்த விரல் இல்லாமல் துண்டு எதற்கு? பொன்னுச்சாமி அவர் தோளைத் தொட்டான். “செஞ்சிரச் சொல்லுங்கண்ணே. நான் இருக்கேன்ல.”

மறுநாள் காலையில் செய்தார்கள். டாக்டருக்குக் கையாள் கிடையாது. ராவுத்தரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும் வேலை பொன்னுச்சாமிக்கு வந்தது. விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகிற மருந்தை ஏற்றினார் டாக்டர். கொஞ்ச நேரம் சென்று குண்டூசியை எடுத்தார்.

“வலிக்கிறதா?”

“இல்லீங்க.”

“இங்கே?”

“குத்துறீங்களா? தெரியலீங்களே.”

பொன்னுச்சாமி குனிந்து பார்த்தான். ஊசி இறங்கித்தான் இருந்தது. “நெசமாவே ஒறைக்கலையாண்ணே?”

“கட்டையக் குத்துற மாதிரி இருக்குடா” என்றார் ராவுத்தர். சிரிப்புக்கூட வந்தது அவருக்கு.

பிறகு அவர் கூரையைப் பார்த்துக்கொண்டார். பொன்னுச்சாமி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் துவாரத்தைச் சுற்றி அறுத்து, அந்த வாய்க்காலைக் கணு வரைக்கும் தொடர்ந்து போய், வேரோடு எடுத்தார். எலும்பின் முள்ளைச் சின்னக் குறட்டால் கிள்ளினார். பக்கத்துத் தோலைத் திருப்பி மூடித் தைத்து, மரச்சிம்பு வைத்துக் கட்டினார்.

“நான் அவிழ்க்கும் மட்டும் மடக்கக் கூடாது. மடக்கினால் மறுபடி இறைக்கத் தொடங்குவீர். துண்டுக்குள் கையை விடும் உம்முடைய வியாபாரம் அதுவரை ஆகாது.”

வெளியே வந்ததும் ராவுத்தர் தோளிலிருந்த துண்டை எடுத்துப் பொன்னுச்சாமி தோளில் போட்டார். “சிம்பு அவுக்குற வரைக்கும் ஒன் கைதான்டா என் கை.”

அந்த வாரங்களில் ராவுத்தர் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி சந்தைக்கு வந்து ஓரமாக நின்றார். வந்தவர்கள் முதலில் கையை விசாரித்தார்கள். போகப் போக, விசாரிக்காமல் விலகி நடந்தார்கள். வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டார். டீக்கடைக்காரன் ஒரு நாள் கண்ணாடிக் கிளாஸை விட்டுவிட்டுச் சிரட்டையில் டீ ஊற்றிக் கொடுத்தான். கிளாஸ் உடைந்திருக்கும் என்று நினைத்துக் குடித்தார்.

சிம்பு அவிழ்ந்தபோது துவாரம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் இருந்தது. கடைசிக் கணு முழுசாக மடங்கவில்லை. ஆனால் அழுத்தினாலும் மடக்கினாலும் ஒரு சொட்டு இல்லை. மரியம் பீவி அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுவாரம் மழை பிடித்துக்கொள்ள, சீசன் முடிந்து டாக்டரும் மலையிறங்கிப் போனார்.

ஆடிப் பூண்டு வரத்துத் தொடங்கிய முதல் ஞாயிறு, ராவுத்தர் வெள்ளனே எழுந்து புதுத் துண்டு போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்.

பூண்டியிலிருந்து பூண்டு கொண்டுவரும் சேனாதிபதி மூட்டையோடு நின்றிருந்தான். ராவுத்தர் துண்டை விரித்தார். சேனாதிபதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“பொன்னுச்சாமியண்ணன்கிட்டப் பேசிட்டேங்க.”

நசுருதீனிடம் போனார். “கை காஞ்சிருச்சு பாய், பாருங்க.”

“பாத்தேன், பாத்தேன். அல்லா நல்லா வெக்கட்டும்” என்ற நசுருதீன், சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார்.

இன்னும் நாலைந்து பேர். ஒருவன் பார்க்காதது மாதிரி இருந்தான், ஒருவன் மூக்கைச் சிந்தப் போனான். விரித்த துண்டோடு ராவுத்தர் சந்தை நடுவில் நின்றார். கடைசியில் காளியாயிதான் வாயைத் திறந்தாள். அவளும் பூண்டிக்காரி, புருஷன் செத்தபின் தனியாகப் பூண்டு போட்டு, தானே மட்டக்குதிரை ஓட்டிக்கொண்டு வருகிறவள்.

“இந்தாருமய்யா ராவுத்தரே, மூடி மூடிப் பேச எனக்குத் தெரியாது. ஒமக்குப் பெருவியாதின்னு ஊருக்கே தெரியும். எதுக்கு இந்தக் குளுருல துண்ட விரிச்சுக்கிட்டு நிக்கிறீரு?”

“எவன் சொன்னான்?”

“எல்லாந்தான் சொல்லுது. வெள்ளக்கார டாக்டரு குத்து குத்துன்னு ஊசியக் குத்துனாராம். ஒமக்கு ஒறைக்கவே இல்லையாம். கட்டையக் குத்துற மாதிரி இருக்குதுன்னு நீரே சொன்னீராம்ல?”

ராவுத்தர் விரித்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். விரலை அறுத்த அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒருவர் மலையிறங்கிப் போய்விட்டார்.

மட்டக்குதிரைகள் கட்டியிருந்த கொட்டகைக்குப் பின்னால் பொன்னுச்சாமியைப் பிடித்தார். அவன் தோளில் அவருடைய பழைய துண்டு கிடந்தது.

“ஏலே பொன்னு. டாக்டரு என்னைய எத்தன தடவ ஊசியால குத்துனாரு?”

“இப்ப எதுக்குண்ணே அந்தச் சோலி?”

“சொல்லுடா.”

“ரெண்டு நா. மொத நா பாக்குறப்ப, அப்புறம் அறுக்குற அன்னைக்கு.”

“மொத நா நான் போட்ட சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். ஒனக்குக் கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

“அதச் சொன்னியா?”

பொன்னுச்சாமி குதிரையின் பிடரியிலிருந்து ஒரு முள்ளை எடுத்தான். “டாக்டரு குத்துனப்ப ஒறைச்சுதான்னு கேட்டாங்க. ஒறைக்கலன்னேன். பொய்யாண்ணே?”

“மருந்து போட்டுக் குத்துனாருடா!”

“அதை அவங்க கேக்கல.”

ராவுத்தர் அவன் முகத்தைப் பார்த்தார். ‘நான் சொல்லவே இல்லண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்றுதான் அப்போதும் மனசு கிடந்து தவித்தது. பொய்யாகவாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

அவன் அந்தப் பொய்யைக்கூடச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, ஆறுதல் சொல்கிற மாதிரிப் பேசினான். “யோசிச்சுப் பாருங்கண்ணே. ஒங்க கை இல்லாம நான் ஒரு சீசன ஓட்டிட்டேன். ஒரு கை பண்ற வேலைக்கு ரெண்டு பேரு எதுக்கு? வீட்டுக்கு வேணுங்கிறத மாசாமாசம் நான் அனுப்பிவிடுறேன். நீங்க கால நீட்டிக்கிட்டு ஒக்காருங்க. மதினிக்கும் ஒத்தாசையா இருக்கும்.”

“என் துண்டக் குடுறா” என்றார் ராவுத்தர்.

அவன் கொடுத்தான். மடித்துக் கொடுத்தான்.

வீட்டில் மரியம் பீவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த விரலை எடுத்துப் பார்த்தாள். பிறகு, “ஊசிதானே பேச்சு? அடுத்த சந்தையில நாலு பேரு முன்னால நீங்களே குத்திக் காட்டுங்க” என்றாள்.

ராவுத்தர் அதையும் செய்தார். அடுத்த ஞாயிறு, சேனாதிபதியின் மூட்டையில் செருகியிருந்த கோணி ஊசியைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க அதே விரலில் குத்தினார். வலியில் முகம் சுருங்கியது. ரத்தம் முத்தாக எழும்பியது.

“பாத்துக்கங்க! ஒறைக்குது!”

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேனாதிபதி தொண்டையைச் செருமினான். “ரத்தம் எல்லாத்துக்குந்தாங்க வரும். ஒறைக்கிதா இல்லையான்னு ஒங்களுக்குத்தானே தெரியும்?”

“மூஞ்சியச் சுளிக்க எனக்குந்தான் தெரியும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. பொன்னுச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. நசுருதீனின் கையைப் புதுத் துண்டுக்குள் வாங்கிக்கொண்டு, “பாவம், விடுங்கப்பா. மனுசன் நொந்து கெடக்காரு” என்றான்.

ராவுத்தர் ஊசியை மூட்டையிலேயே திருப்பிச் செருகினார். அந்தப் ‘பாவம்’தான் ஊசியைவிட ஆழமாக இறங்கியது. டாக்டருக்குத் தெரியும், தனக்குத் தெரியும், எல்லோரையும்விடப் பொன்னுச்சாமிக்குத் தெரியும். தெரிந்தவன் ஒருவன் வாயைத் திறந்தால் தீர்ந்துவிடும் காரியம். திறக்காமல் இரக்கப்படுகிறான்.

காளியாயி தன் மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ராவுத்தரே, துண்டு இல்லாம வெல சொல்ல வருமா ஒமக்கு?”

“என்ன?”

“வாயாலய்யா. நான் பொம்பள. துண்டுக்குள்ள என் கை போகக் கூடாது, எனக்காக எவனாவது ஊர்க்காரன் கை போகும். அவன் உள்ள என்ன கேட்டானோ, நீங்க என்ன குடுத்தீங்களோ, எனக்கு வந்து சேந்ததுதான் கணக்கு. ஒரு தடவையாவது என் பூண்டு வெலைய என் காதால கேக்கணும். ஒம்ம கையையும் தொட வேணாம்ல?”

தொட வேண்டாம் என்பதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ராவுத்தர் துண்டைப் பார்த்தார். வாயால் விலை சொன்ன தரகரை எந்தத் தரகரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். துண்டை விரிக்காவிட்டால் தரகரே இல்லை. விரித்தால் கை வராது. காளியாயியின் பூண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தார். கெட்டிப் பல், அன்றைய சந்தையில் அதற்கு மேல் சரக்கு இல்லை. துண்டைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“நசுருதீன் பாய்! காளியாயி பூண்டு! மணுவு ரெண்டே முக்கா ரூபா!”

சந்தை அப்படியே நின்றது. நசுருதீன், நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். பொன்னுச்சாமியின் துண்டிலிருந்து அவர் கை தானாக வெளியே வந்தது.

“என்ன பாய் இது, பொதுவுல வெச்சு…”

“வேணுமா வேணாமா? வேணாம்னா வத்தலக்குண்டு வியாபாரி நிக்கிறாரு.”

“ரெண்டரை” என்றார் நசுருதீன், உதட்டுக்குள்ளேயே.

“சத்தமாச் சொல்லுமய்யா, என்ன பொண்ணா கேக்க வந்தீரு?” என்றாள் காளியாயி.

“ரெண்டரை!”

“ரெண்டு ரூபா பத்தணா” என்றார் ராவுத்தர். “முடிச்சிருவோம்.”

நசுருதீன் தலையாட்டினார். அந்தத் தலை நிமிர்வதற்குள் சேனாதிபதி பொன்னுச்சாமி பக்கம் திரும்பியிருந்தான். “ஏண்ணே, எனக்கு ரெண்டே காலுக்கு மேல இன்னைக்குச் சந்தையில போகலன்னீங்க?”

“ஒன் பூண்டும் அவ பூண்டும் ஒண்ணாடா?”

“ஒரே ஓடைத் தண்ணிதானண்ணே பாயுது?”

இன்னும் இரண்டு பேர் துண்டுக்குள்ளிருந்த விலையை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவன் தன் மூட்டையை இழுத்துக்கொண்டு ராவுத்தர் பக்கம் வந்தான். பொன்னுச்சாமிக்கு முகம் கறுத்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து ‘அண்ணே’ விழுந்துபோனது.

“துரோகி! செஞ்ச தொழிலையே காட்டிக் குடுத்துட்டியேடா! கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா, துரோகி!”

சந்தை முழுக்கக் கேட்டது. ராவுத்தர் அவனைப் பார்த்தபடி நின்றார். குதிரைக் கொட்டகைக்குப் பின்னால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. நாக்கில் வைத்துக்கொண்டே திரிந்தார். அவனைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது அந்தச் சொல்லையும் பொன்னுச்சாமி எடுத்துக்கொண்டான். அவன் சொல்லி முடித்தபின், தான் திருப்பிச் சொன்னால் அது வெறும் சந்தைச் சண்டைதான்.

அடுத்த மூட்டைக்காரன் காத்திருந்தான். ராவுத்தர் பூண்டை நசுக்கிப் பார்த்து விலையைக் கூவினார்.

வெயில் ஏறி மூடுபனி கலைந்தபோது காளியாயியின் மூட்டை எடை முடிந்தது. நசுருதீன் தரகுக் காசை எடுத்தார். ராவுத்தர் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, நசுருதீன் குனிந்து, காசைச் சாக்கின்மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். காளியாயியும் தன் பங்குத் தரகுக் காசை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“எடுத்துக்கிடும்” என்றாள். “வாற ஞாயித்துக்கெழமையும் வாரேன். சத்தமாச் சொல்லும்.”

ராவுத்தர் சாக்கிலிருந்து காசைப் பொறுக்கினார். கடைசிக் கணு மடங்காததால் ஆள்காட்டி விரலால் எடுக்க வரவில்லை. நடுவிரலாலும் கட்டைவிரலாலும் ஒவ்வொன்றாக எடுத்தார்.